பதினொன்றாவது தொட்டில்

போன மாதம் கினிகத்தேனையிலிருந்து ரோஷினி போன் எடுத்தாள். நான் தொழிலை விட்டபோது என் கம்ப்யூட்டரையும் மைக்குகளையும், பழைய பதிவுகள் கிடந்த டிஸ்க்குகளையும் வாங்கிக்கொண்டு போனவள் அவள்தான். இருபத்தாறு வயது. கெட்டிக்காரி. கொஞ்சம் அவசரக்காரியும்கூட. அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன், இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

"மாஸ்டர், உங்க டிஸ்க்ல ஒரு தாலாட்டு கெடக்கு. பேரே போடல. குரல் நல்லா இருக்கு, ஆனா தாளம் கோணல். மழைச் சத்தம், புள்ளைங்க சத்தம் எல்லாம் வேற. நான் ஒரு மணித்தியாலத்துல நேராக்கிட்டேன். அனுப்பவா?"

"அனுப்பாத. நேராக்கினத அழி," என்றேன்.

"ஏன் மாஸ்டர்? தாளம் தப்பினா பாட்டே இல்லன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

சொல்லியிருக்கிறேன். முப்பது வருடமாகக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் எந்தத் தாளமும் நேராகிவிடுகிறது. அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. போனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அப்படி எழுதியதுதான் இது.

என் தொழில் என்னவென்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. கல்யாண வீட்டுக்கு மைக்செட் கட்டுகிறவர் என்று நினைத்துக் கூப்பிட வருவார்கள். நான் செய்தது வேறு. நல்ல குரலும் அரைப் பாட்டும் கையில் இருக்கும், பின்னால் கம்பனியோ ஆளோ இருக்காது. அப்படிப்பட்டவர்கள் என்னிடம் வருவார்கள். மீதிப் பாட்டை எழுதுவேன், மெட்டைச் செப்பனிடுவேன், கீபோர்டு வாசிப்பேன், குரலைப் பதிந்து இழைத்து, போனில் போட்டு ஊருக்கே அனுப்பக்கூடிய பாட்டாகக் கையில் கொடுப்பேன். ஞானப்பிரகாசம் என்ற என் பெயரை ஞானம் மாஸ்டர் என்று சுருக்கியவர்களும் அவர்கள்தான். போன வருடம் இடது காது சரியாகக் கேட்காமல் போனது. ஒரு காதை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது ஏமாற்று என்று நிறுத்திவிட்டேன்.

படித்த கதை சுருக்கமானது. தோட்டத்துக் கோவிலில் பாதிரியார் ஊருக்குப் போன நாட்களில் ஆர்மோனியத்தைத் திறந்து வாசித்துப் பழகினேன். பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் போய்ப் புடைவைக் கடையில் நின்றேன். அங்கிருந்து ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே பாட்டுப் பதிகிற பியதாச மாத்தயா என்ற சிங்களவரிடம் ஆறு வருடம் வேலை பழகினேன்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. தமிழ்ப் பாட்டு, சிங்களவர் ஆடிப் பாடுகிற பைலா, பிக்குகள் ஓதுகிற பிரித் எல்லாம் பதிவார். எதற்கும் முகம் மாறாது. கையில் ஒரு மர அடிமட்டம், கோடு போடுகிற கட்டை, இருக்கும். பாட்டு ஓடும்போது அதனால் தன் தொடையில் தட்டுவார். மேசையில் தட்டினால் மைக்கில் விழுந்துவிடும் என்பதால் தொடை. அவருடைய வெள்ளைக் கால்சட்டை எல்லாவற்றிலும் வலது தொடைப் பக்கம் துணி நைந்திருக்கும். பாடுகிறவர் தாளத்தை விட்டால் சத்தம் போடமாட்டார். டேப்பை நிறுத்திவிட்டு, "தே பொமு," என்பார். தேத்தண்ணி குடிப்போம் என்று அர்த்தம். பேர்போன பாடகர் ஒருவர் ஒரே காலையில் ஆறு தேத்தண்ணி குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பதிவு சரியாக வந்தால் நன்றாயிருக்கிறது என்றும் சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பாடுகிறவர்கள் எல்லோரும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் என்னிடம் சொன்னார். "ஞானம், பாடுற ஆளு அழலாம். தாளம் அழ ஏலாது."

அதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். அட்டனுக்குத் திரும்பி வந்து ஒரு கடையின் மேல்மாடியில் ஸ்டூடியோ போட்டபோது, அடிமட்டம், தேத்தண்ணி, கண்ணாடி மூன்றையும் அப்படியே கொண்டுவந்தேன். என்னிடம் பாடியவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன பகிடிகளில் முக்கால்வாசி உண்மையில் பியதாச மாத்தயாவுக்குச் சேர வேண்டியவை.

அட்டனில் பாட்டுப் பதிவதற்கு என்று தனியாக ஒரு பொறுமை வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை. கதவில் ரயில் நேரங்களை ஒட்டி வைத்திருந்தேன். ரயில் மட்டும் அதைப் படித்ததில்லை. மேலே தகரக் கூரை. மழைக் காலத்தில் கூரைக்கும் பலகைக்கும் நடுவே பழைய சாக்குகளை மூன்று அடுக்கு திணித்துத்தான் வேலை நடக்கும். மழை வேண்டாம் என்று வெயில் காலத்துக்கு ஒத்திவைக்கவும் முடியாது. நல்லதண்ணியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பாட வருவார்கள். யாத்திரைக்காரர்கள் மலையேறுகிற சீசன் முழுவதும் கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போயிருக்கும். சீசன் முடிந்து, குரல் திரும்பி வருவதற்குள் மழை வந்துவிடும். அவர்களுடைய பாட்டுகளை எல்லாம் சாக்குக்குக் கீழேதான் பதிந்தேன்.

ஆரம்பத்தில் எனக்குப் பாட்டு எழுதுவதில் ஒரு கொழுப்பு இருந்தது. புஷ்பம் என்று ஒரு பெண், மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், திருவிழாக்களில் பாடுவாள். அவளுக்கு ஒரு பாட்டு எழுதினேன். பச்சைக் கம்பளம், பனித்துளி, வெள்ளி மழை என்று போட்டு நிரப்பியிருந்தேன். தாளை வாங்கி மெதுவாகப் படித்தாள்.

"எல்லாம் இருக்கு அண்ணே. அட்டையத்தான் காணோம்."

"என்ன அட்டை?"

"மழையில கொழுந்து எடுத்தா காலுல ஏறுமே, அந்த அட்டை."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டாவது வரியிலேயே அட்டையை ஏற்றி வேறு பாட்டு எழுதினேன். பஸ்ஸில் பெண்கள் அதைப் பாடிச் சிரித்துக்கொண்டு போனதை என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு முதல் நாளில் மைக்கையே திறக்கமாட்டேன். பாட வந்தவரை உட்காரவைத்துப் பாட்டைப் பேசிக் காட்டச் சொல்வேன். பிறகு இரண்டு கேள்வி: யாருக்குப் பாடுற? எதிர்ல யார் நிக்கிறா? இந்த இரண்டுக்கும் பதில் வந்தால் பாதிப் பாட்டு முடிந்த மாதிரி. இந்தப் பக்கத்தில் இந்த வேலையை என்னைவிட ஒழுங்காகச் செய்தவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அதனால்தான் சுகந்தி விஷயத்தில் நான் செய்த தவறையும் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

பத்து வருடம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் டயகமவிலிருந்து சுகந்தி வந்தாள். கூடவே அவள் புருஷன் ரவி, தோட்டத்து ஸ்டோரில் வேலை. அவன் கையில் ஒன்றரை வயது மகள் தர்ஷி. சுகந்தி தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது.

"ஒரே ஒரு பாட்டு அண்ணே. நானே கட்டினது. வியாழக்கெழம குவைத்துக்கு பிளைட். இவ இந்தப் பாட்டு இல்லாம தூங்கமாட்டா. இவரு போன்ல போட்டுக் குடுத்துட்டுப் போகணும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. அவ்வளவும் எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் அவள் வாயைத் திறந்து ஒரு வரி பாடியதும் எனக்கு வேறு ஆசை வந்துவிட்டது. அப்படி ஒரு குரல். கொஞ்சம் கரகரப்பு, அடியில் நல்ல கனம். மலையகம் முழுவதும் கேட்க வேண்டிய பாட்டு என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"யாருக்குப் பாடுற?"

"புள்ளைங்களுக்கு."

"எதிர்ல யார் நிக்கிறா?"

"யாரும் நிக்க மாட்டாங்க அண்ணே. படுத்துத்தான் இருப்பாங்க."

ரவி சிரித்தான். நானும் சிரித்தேன். அங்கேயே நிறுத்தி இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு பாடச் சொன்னேன்.

ஆடு ராசா ஆடு ராணி அம்மா மலையில கொழுந்து எடுக்குறா நெறுத்து முடிச்சு வருவா.

நெறுத்து என்றால் எடுத்த கொழுந்தை நிறை பார்ப்பது. ஒரு சொல்லுக்கு ஓர் அடி. தொடையில் தட்டிக்கொண்டே வந்தேன். பதினொன்றில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ம்ம் என்று ஒரு முனகல். அது ஒரு தடவை நீளமாக வந்தது, மறு தடவை குட்டையாக வந்தது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து பாட்டு. பன்னிரண்டு என்றால் மூன்று மூன்றாகவோ நாலு நாலாகவோ பிரித்து வாத்தியங்களை உட்காரவைக்கலாம். பதினொன்றில் என் கீபோர்டுக்கு இடமே இல்லை. ஒரு அடியைத் தவறவிடுகிறாள், பழகாத பிள்ளை என்று நினைத்தேன். பாட்டு எழுதுகிறவனுக்கு ஒரு சொல் சேர்ப்பது பெரிய காரியமில்லை. நெறுத்து முடிச்சு என்பதற்குப் பிறகு, வருவாவுக்கு முன்னால், 'சீக்கிரம்' என்று எழுதிக் கொடுத்தேன். கச்சிதமாகப் பன்னிரண்டு.

சுகந்தி தாளைப் பார்த்தாள். பிறகு ரவியைப் பார்த்தாள்.

"சீக்கிரம்னு வேணுமா அண்ணே?"

"வேணும். தாளத்துக்கு வேணும்."

இரண்டு தடவை அந்த இடத்தில் தடுக்கினாள். இரண்டு தடவையும் தேத்தண்ணி. மூன்றாவது தடவை தாளம் விடவில்லை, ஆனால் 'சீக்கிரம்' என்ற இடத்தில் குரல் லேசாக உடைந்தது. என்ன ஒரு உணர்ச்சி என்று நினைத்து நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தர்ஷி அப்பன் மடியில் உட்கார்ந்து ஹெட்போன் வயரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முழுவதும் அதில் உட்கார்ந்தேன். முனகலை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லாங்குழலை வைத்தேன். அடியில் வயலின். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நிமிர்த்தி அதனதன் அடியில் நிறுத்தினேன். வேலை சுத்தம், அதை இன்றைக்கும் சொல்வேன். செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு ரவியின் போனுக்கு அனுப்பினேன். நல்லா இருக்குண்ணே என்று சுகந்தி பதில் போட்டாள்.

புதன் காலை ஆறரைக்கு ரவி பேசினான்.

"அண்ணே, புள்ள தூங்கல."

"என்னது?"

"நேத்து பொழுதுபட இருந்து பாட்டப் போட்டுப் போட்டு ஆட்டிப் பாத்தேன். பாட்டு ஆரம்பிச்சா கண்ண மூடுறா. முடியிற இடத்துல எழும்பி உக்காந்து பாக்குறா. அழல. சும்மா பாக்குறா. கடைசியில சுகந்திதான் வந்து பாடித் தூங்க வச்சா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது பாட்டு, தம்பி. தூக்க மாத்திரையா?" என்று கேட்டுவிட்டேன். பிறகு சுகந்தி போனை வாங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. லயத்து வீடுகள்ல கேட்டவங்க எல்லாம் ரேடியோ பாட்டு மாதிரி இருக்குன்னாங்க. ஆனா ஒரு தொட்டில் கூடிப்போச்சு."

"என்ன தொட்டில்?"

"போன்ல சொன்னா விளங்காது. அப்புறம் அந்த 'சீக்கிரம்' நான் பாடியிருக்கக் கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கேன். புள்ளைகிட்ட எப்படிண்ணே சீக்கிரம்னு சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் சொற்களைத் தேடித் தேடி எழுதியவன், ஒரு அடிக்கு இடம் நிரப்ப ஒரு தாயின் வாயில் பொய்யை வைத்திருக்கிறேன். அவள் தடுக்கியதைப் பழக்கக் குறைவு என்றும், குரல் உடைந்ததை உணர்ச்சி என்றும் எடுத்திருக்கிறேன். அடுத்த நாள் விடியற்காலையில் அவளை ஏற்றிப் போக வேன் வருகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பகல்.

"இன்னைக்கு எங்க இருப்ப?"

"காம்பராவுலதான். இன்னைக்குக் கடைசி நாள்."

"எத்தனை மணிக்குத் தூங்க வைப்ப?"

"பத்தரைக்கு."

இரண்டு மைக்கையும் கையில் பிடிக்கிற ரெக்கோடரையும் வயர்களையும் பையில் போட்டுக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். தலவாக்கலையில் பஸ் மாறினேன். அக்கரப்பத்தனை தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறியது. எனக்கு அப்போதும் கோபம் முழுவதும் போயிருக்கவில்லை, என் மேலா அவர்கள் மேலா என்றுதான் தெரியவில்லை. இறங்கி ஏறி நடந்து போய்ச் சேரும்போது பத்தே கால்.

காம்பரா நீளமான ஒரே அறை. சுவரில் பாதிக்குப் பச்சைப் பெயின்ட், மேலே தகரம். அறையின் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் போகிறது. அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். எண்ணினேன். பதினொன்று.

சுகந்தி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள். வாசல் பக்கத்துத் தொட்டிலில் கையை வைத்து ஒரு தள்ளு, 'ஆடு'. ஒரு எட்டு வைத்து அடுத்த தொட்டில், 'ராசா'. அடுத்தது, 'ஆடு'. அப்படியே நடந்து போனாள். ஒரு தொட்டிலுக்கு ஒரு தள்ளு, ஒரு சொல். பால் காய்ச்சுகிற அடுப்புப் பக்கத்தில் இருந்த கடைசித் தொட்டிலுக்குப் போகும்போது 'வருவா'. அங்கே தொட்டில் வரிசை முடிந்தது, பாட்டும் முடிந்தது. பிறகு ம்ம் என்று முனகிக்கொண்டு வெறுங்கையோடு வாசலுக்குத் திரும்பி வந்தாள். வழியில் ஏதாவது குழந்தை சிணுங்கினால் நின்று தட்டிக் கொடுத்தாள், முனகல் நீள்வது அதனால்தான். யாரும் சிணுங்காவிட்டால் முனகல் குட்டை. வாசலுக்கு வந்ததும் மறுபடி 'ஆடு'.

அவள் எந்த அடியையும் தவறவிடவில்லை. பாட்டு காம்பராவின் நீளத்துக்குத் தைத்த பாட்டு. அதில் நான் பன்னிரண்டாவது தொட்டில் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம்.

கடைசித் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். தர்ஷி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

"உன் புள்ளைய ஏன் கடைசியில போட்டிருக்க?" என்று கேட்டேன்.

"முதத் தொட்டில்ல போட்டா மலைக்குப் போன தாய்மார் என்ன நெனைப்பாங்க? ஆயா தன் புள்ளைய மட்டும் பாக்குறான்னு சொல்ல மாட்டாங்களா? இவ இங்க வந்த நாள்ல இருந்து கடைசித் தொட்டில்தான். எல்லாரையும் ஆட்டிட்டுத்தான் இவகிட்ட வருவேன்."

குழந்தைக்கு எண்ணத் தெரியுமா என்று என்னைக் கேட்காதீர்கள். தினமும் பத்துத் தொட்டிலுக்குக் காத்திருந்து, பதினொன்றாவது சொல்லில் அம்மாவின் கை வரும் என்று அதன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. என் பாட்டில் அந்த இடத்தில் கையும் வரவில்லை, வருவா என்ற சொல்லும் வரவில்லை. எழும்பி உட்கார்ந்து பார்க்காமல் வேறு என்ன செய்யும்?

நான் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சுகந்தி ஒரு தொட்டிலின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இந்தப் பாட்ட மத்தப் புள்ளைங்களுக்குத்தான் அண்ணே கட்டினேன். அம்மா மலையிலன்னு. இவளுக்குத்தான் நான் இங்கயே இருந்தேனே. நாளையில இருந்து இவளுக்கும் சேத்துத்தான்."

குனிந்து அடுத்த வயரின் சிக்கை எடுத்தேன்.

மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த யோசனை. ஸ்டூடியோவில் மைக் பாடுகிறவரின் வாய்க்கு நேரே இருக்கும், பாடுகிறவர் அசையக் கூடாது. இவள் நடக்கிறாள். வாய்க்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று என்று யோசித்தேன். பிறகு இரண்டையும் கொண்டுபோய்க் கடைசித் தொட்டிலின் இரண்டு பக்கமும் குழாயில் கட்டினேன், தர்ஷியின் காது இருக்கிற உயரத்துக்கு. அந்தத் தொட்டிலில் கிடந்தால் எது கேட்குமோ அதுதான் பதிய வேண்டியது. என் வாழ்நாளில் நான் மைக் வைத்த இடங்களில் சரியான இடம் அதுதான். அன்றைக்கும் அதைத் தெரிந்தேதான் வைத்தேன்.

"ஆரம்பி," என்றேன்.

ஹெட்போனில் குரல் தூரத்தில் தொடங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. சேலை முடிச்சு குழாயில் உரசுகிற சத்தமும் அதோடு சேர்ந்து வந்தது. 'முடிச்சு' பக்கத்துத் தொட்டிலில் கேட்டது. 'வருவா' காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு முனகல் தூரப் போனது. மூன்றாவது சுற்றில் மழை தகரத்தில் இறங்கியது. பழக்க தோஷத்தில் என் கை நிறுத்துகிற பட்டனுக்குப் போனது. கையை எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது தொட்டிலில் ஒன்று அழுதது, சுகந்தி நின்றாள், முனகல் நீண்டது, பிறகு நடந்தாள். அடிமட்டம் பைக்குள்ளேயே கிடந்தது. எல்லாக் குழந்தையும் தூங்கும்வரை பாடினாள். நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

வெட்டவில்லை, ஒட்டவில்லை, ஒரு சொல்லையும் நிமிர்த்தவில்லை. ஸ்டோருக்குப் போய் ரவியை வெளியே கூப்பிட்டு அவன் போனில் அப்படியே ஏற்றிக் கொடுத்தேன்.

"கடைசிச் சொல்லுக்கு மட்டும் தொட்டில்ல கை வை. மத்ததுக்கு சும்மா நில்லு," என்றேன்.

"பத்துக்கும் சும்மாவா அண்ணே?"

"பத்துக்கும் சும்மா. அவ காத்துக்கிட்டு இருப்பா."

நான் அட்டனில் வந்து இறங்கும்போது மாலை ஆறரை. ரவியிடமிருந்து செய்தி வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே நின்று படித்தேன். 'தூங்கிட்டா. சுகந்தி வெளிய பைப்படியில நின்னா. போன் மட்டும்தான் பாடிச்சு.' கண் கலங்கிவிட்டது, மறைக்க வேண்டிய அவசியமில்லை.

அதற்குப் பிறகு என் இரண்டு கேள்வியோடு மூன்றாவதும் சேர்ந்தது. பாடும்போது கையில என்ன இருக்கும்? பாட வருகிறவர்கள் முதலில் விழிப்பார்கள். கொழும்பில் கடையில் நின்றுகொண்டு ராப் பாடுகிற ஒரு பையன், பில் புத்தகம் என்றான். அவனுடைய பாட்டு முழுவதும் தாள் கிழிக்கிற வேகத்தில் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு கேள்வியால் நான் திருத்தாமல் விட்ட பாட்டுகள் நிறைய, அவற்றில் எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. பியதாச மாத்தயா உயிரோடு இருந்து அந்தப் பதிவைக் கேட்டிருந்தால் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருப்பாரா, கண்ணாடியைத் துடைத்திருப்பாரா தெரியாது. கண்ணாடியைத்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

ஆகவே ரோஷினி, நேராக்கியதை அழித்துவிடு. மழையைத் தொடாதே, முனகலை வெட்டாதே. வெளியிடுவதா வேண்டாமா என்பதைச் சுகந்தியிடமே கேள். இரண்டு வருடம் என்று போனவள் நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள், இப்போது டயகமவில்தான் இருக்கிறாள். தர்ஷி உயரத்தில் அம்மாவைப் பிடித்துவிட்டாளாம். அந்தப் பதிவுக்கு நான் பேர் வைக்காததற்குக் காரணம், அது ஒரே ஒரு ஆளுக்காகச் செய்தது.

குவைத்திலிருந்து சுகந்தி என்னோடு ஒரே ஒரு தடவைதான் பேசினாள், போய் ஐந்தாறு மாதத்தில். ரவி தினமும் பாட்டைப் போடுகிறான், பிள்ளை தூங்குகிறாள் என்று சொன்னாள். எனக்கு நன்றி சொன்னாள். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"இங்கயும் ஒரு கைப்புள்ளையத்தான் பாக்குறேன் அண்ணே. அதுக்கும் அதே பாட்டுத்தான். வேற எனக்கு வராது. ஒரே ஒரு தொட்டில். அதனால கதவுல இருந்து ஆரம்பிச்சு, பத்து எட்டு வச்சு சும்மா கைய நீட்டிக்கிட்டு நடக்குறேன். மேடம் பாத்துட்டு என்ன செய்றன்னு கேட்டாங்க. அத அரபியில எப்படிச் சொல்றது?"

"பதினொண்ணாவதுல?"

"பதினொண்ணாவதுல இந்தப் புள்ளையோட தொட்டில். கைய வச்சு, 'வருவா'ன்னு பாடுறேன். உடனே தூங்கிரும்," என்றாள். "இதோட அம்மா பக்கத்து ரூம்லதான் அண்ணே இருக்காங்க."